நர்சிங் சேரப் போகிறவர்களுக்கு: இந்த மாதக் கேள்வி-பதில்

பிளஸ் டூ முடிவு வந்ததும் கடிதங்கள் குவிந்துவிட்டன. எல்லாவற்றையும் படித்தேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருக்கு மட்டும் பதில் எழுதியிருக்கிறேன். எழுதுகிறவர்கள் பிளஸ் டூவில் எடுத்த குரூப், மதிப்பெண், சாதிப் பிரிவு மூன்றையும் தயவுசெய்து குறிப்பிடுங்கள். அது இல்லாமல் "எனக்கு சீட் கிடைக்குமா?" என்றால் நான் என்ன சொல்வது?

கே: பி.எஸ்சி. நர்சிங் சேர நீட் எழுத வேண்டுமா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். (மாணவி, திருவாரூர்)

தமிழ்நாடு அரசின் கலந்தாய்வுக்கு நீட் தேவையில்லை. சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள அரசின் மருத்துவப் படிப்புத் தேர்வுக்குழு பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே தரவரிசை போடுகிறது. உயிரியலுக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200. நீட் மதிப்பெண் கேட்பது புதுச்சேரி ஜிப்மரும் ராணுவ நர்சிங் கல்லூரிகளும். டெல்லி எய்ம்ஸுக்கும் வேலூர் சி.எம்.சி.க்கும் தனித்தனித் தேர்வு உண்டு. ராணுவக் கல்லூரிகள் நாடு முழுவதும் ஆறு இருக்கின்றன, மொத்தம் 220 இடங்கள், பெண்களுக்கு மட்டும். படிப்பு முடிந்ததும் ராணுவ மருத்துவமனைகளில் வேலை செய்வதாக ஒப்பந்தம் போட வேண்டும். அதற்கு மனம் ஒப்பினால் மட்டும் விண்ணப்பியுங்கள்.

கே: நான் கணிதம், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். நர்சிங் சேரலாமா? (மாணவர், நாமக்கல்)

பி.எஸ்சி. சேர முடியாது. இயற்பியல், வேதியியலோடு உயிரியலும் படித்திருக்க வேண்டும். தாவரவியல், விலங்கியல் என்று பிரித்துப் படித்தவர்களும் சேரலாம்.

கே: நர்சிங் பற்றிய முழு விவரமும் உடனே அனுப்பவும். (பெயர், ஊர் இல்லை)

எந்தப் படிப்பு? ஏ.என்.எம். என்ற துணை நர்ஸ் படிப்பா, ஜி.என்.எம். என்ற டிப்ளமோவா, பி.எஸ்சி. பட்டமா? எந்த மாநிலம்? விண்ணப்ப அறிவிப்போடு தேர்வுக்குழு வெளியிடும் விளக்கக் கையேடு சில பத்துப் பக்கம்தான் இருக்கும். நாலு வருடம் படிக்கப் போகிற படிப்புக்கு ஒரு மாலை நேரம் ஒதுக்கி அதைப் படியுங்கள். படித்த பிறகு புரியாத இடத்தைக் கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்கிறேன். இந்தத் தொழிலில் மருந்துச் சீட்டை முழுதாகப் படிக்காமல் ஊசி போட முடியாது. படிக்கிற பழக்கத்தை இப்போதே தொடங்குங்கள்.

கே: என் கட்-ஆஃப் 171, பி.சி. பிரிவு. அரசுக் கல்லூரி கிடைக்காது என்று தோழிகள் சொல்வதால் விண்ணப்பமே போடவில்லை. (மாணவி, அரியலூர்)

தோழிகள் சொன்னார்கள் என்று விண்ணப்பம் போடாமல் இருப்பார்களா, அம்மா? கட்-ஆஃப் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அதோடு இந்தக் கலந்தாய்வில் அரசுக் கல்லூரிகள் மட்டும் இல்லை. தனியார் கல்லூரிகள் அரசுக்கு ஒப்படைக்கும் இடங்களும் இதே கலந்தாய்வில்தான் வருகின்றன. சிறுபான்மையினர் நடத்தாத கல்லூரி என்றால் சுமார் 65 சதவீத இடம், சிறுபான்மைக் கல்லூரி என்றால் பாதி. அந்த இடங்களுக்குக் கட்டணம் நிர்வாக ஒதுக்கீட்டைவிடக் குறைவு. தேதி முடியவில்லை என்றால் இன்றைக்கே போடுங்கள். விருப்பப் பட்டியலில் நாலு கல்லூரியோடு நிறுத்தாதீர்கள். உண்மையிலேயே சேர விரும்பும் வரிசையில் நீளமாகக் கொடுங்கள். வீட்டில் நீங்கள்தான் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றிதழைத் தாலுகா அலுவலகத்தில் இப்போதே வாங்கி வையுங்கள். ஆறிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், அதையும் விட்டுவிடாதீர்கள்.

கே: பக்கத்து மாநிலத்தில் நர்சிங் சீட் வாங்கித் தருவதாக ஒருவர் வீட்டுக்கே வந்தார். முதல் வருடம் கட்டணம் வேண்டாம், ஒரிஜினல் சான்றிதழ்களை மட்டும் கொடுங்கள் என்கிறார். நம்பலாமா? (தந்தை, கள்ளக்குறிச்சி)

நம்பாதீர்கள். ஐயா, இதைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது.

நான் நர்சிங் ஆசிரியையாக இருந்த காலத்தில் என் ஊர்ப் பெண் ஒருத்தியை இப்படித்தான் ஒரு ஏஜென்ட் அழைத்துப் போனார். நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளை. கலந்தாய்வில் நின்றிருந்தால் இங்கேயே இடம் கிடைத்திருக்கும். "கட்டணத்தை மெதுவாகக் கட்டலாம், ஹாஸ்டல் இலவசம்" என்றதும் வீட்டில் சரி என்றுவிட்டார்கள். மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் எல்லாம் போய்விட்டன. அங்கே கல்லூரி என்று இருந்தது ஒரு மாடிக் கட்டடம். சொந்த மருத்துவமனையில் நோயாளிகளே இல்லை. ஆறு மாதத்தில் திரும்பி வர நினைத்தாள். நாலு வருடக் கட்டணத்தையும் கட்டினால்தான் ஒரிஜினல் தருவோம் என்றார்கள். அம்மாவின் தாலிச் சங்கிலி அடகுக்குப் போனது. சான்றிதழ் கைக்கு வந்தபோது அடுத்த சேர்க்கையும் முடிந்திருந்தது. இரண்டு வருடம் வீணானது. அந்த ஏஜென்ட் மறு வருடமும் ஊருக்கு வந்தார், வேறு வீடுகளுக்குப் போனார்.

ஒரிஜினல் சான்றிதழைப் பிடித்து வைக்க எந்தக் கல்லூரிக்கும் உரிமை கிடையாது. சரிபார்த்துவிட்டு அங்கேயே திருப்பிக் கொடுக்க வேண்டும், நகலைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் தெளிவாக அறிவித்திருக்கிறது. டி.சி. வேறு விஷயம், சேரும்போது அதைக் கொடுப்பதுதான் வழக்கம். மற்றபடி பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் மூன்றையும் கையை விட்டுக் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்தினால் அந்த இடத்தை விட்டு எழுந்து வாருங்கள்.

பக்கத்து மாநிலத்தில் நல்ல கல்லூரியே இல்லை என்று சொல்லவில்லை. அங்கே படித்து வந்த அருமையான நர்சுகளோடு வேலை செய்திருக்கிறேன். ஆனால் நல்ல கல்லூரிக்கு வீடு வீடாக ஆள் அனுப்பிப் பிள்ளை பிடிக்கும் அவசியம் இருக்காது. சேரும் முன் மூன்று அங்கீகாரத்தைப் பாருங்கள்: இந்திய நர்சிங் கவுன்சில், அந்த மாநில நர்சிங் கவுன்சில், இணைப்பு தரும் பல்கலைக்கழகம். கல்லூரி பெயர் இருந்தால் போதாது, நீங்கள் சேரும் ஆண்டுக்கு எத்தனை இடத்துக்கு அனுமதி என்பதையும் பாருங்கள். அனுமதி 60 இடத்துக்கு இருக்க 100 பேரைச் சேர்த்தால், மிச்ச 40 பேரின் கதி என்ன?

அப்புறம், நேரில் போங்கள். காலை பத்து மணிக்கு அவர்களுடைய மருத்துவமனையில் போய் நில்லுங்கள். புறநோயாளிகள் வரிசை இருக்கிறதா? வார்டில் படுக்கை நிரம்பியிருக்கிறதா? இறுதியாண்டு மாணவி ஒருத்தியிடம், "நீ எத்தனை பிரசவம் பார்த்திருக்கிறாய்?" என்று கேளுங்கள். அவள் பதில் சொல்லும் விதத்திலேயே கல்லூரி தெரிந்துவிடும். நோயாளி இல்லாத மருத்துவமனையில் நர்ஸ் உருவாக முடியாது.

கே: நான் ஆண். நர்சிங் படித்தால் வேலை கிடைக்குமா? (மாணவர், தென்காசி)

கிடைக்கும், ஆனால் போட்டி கூடுதல். எய்ம்ஸ் மருத்துவமனைகளின் நர்சிங் ஆபீசர் பணியிடங்களில் பெண்களுக்கு 80 சதவீதம், ஆண்களுக்கு 20 சதவீதம் என்றுதான் பிரித்திருக்கிறார்கள். அவசர சிகிச்சை, ஐ.சி.யூ., அறுவை அரங்கு, டயாலிசிஸ் இங்கெல்லாம் ஆண் நர்சுகளைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். மனநல வார்டிலும்தான்.

கே: ஜி.என்.எம். மூன்று வருடம், பி.எஸ்சி. நாலு வருடம். எது நல்லது? (மாணவி, சிவகங்கை)

பி.எஸ்சி. கிடைத்தால் பி.எஸ்சி. அதற்கு வழியில்லை என்றால் ஜி.என்.எம்., தயங்க வேண்டாம். பிறகு டிப்ளமோ முடித்தவர்களுக்கான இரண்டு வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துப் பட்டம் வாங்கிக்கொள்ளலாம். என்னோடு வேலை செய்த மிகச் சிறந்த வார்டு சிஸ்டர்கள் பலர் டிப்ளமோ படித்தவர்கள்.

கே: பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். அனாடமி புத்தகத்தைத் திறந்தாலே அழுகை வருகிறது. விட்டுவிடலாமா? (முதல் செமஸ்டர் மாணவி, தர்மபுரி)

விடக்கூடாது. நானும் தமிழ் மீடியம்தான். முதல் மூன்று மாதம் கஷ்டமாக இருக்கும், பிறகு பழகிவிடும். ஆங்கில மீடியத்தில் படித்தவர்களுக்கும் இந்தச் சொற்கள் புதியவைதான், ஏனென்றால் பாதிக்கு மேல் கிரேக்கமும் லத்தீனும்.

சொல்லை முழுதாக மனப்பாடம் செய்யாமல் பிரித்துப் பாருங்கள். "ஐடிஸ்" என்று முடிந்தால் அழற்சி. "எக்டமி" என்றால் அறுத்து எடுப்பது, "ஆஸ்டமி" என்றால் வழி திறந்து வைப்பது. "ஹைப்பர்" கூடுதல், "ஹைப்போ" குறைவு. இப்படி அறுபது எழுபது துண்டுகள் தெரிந்தால் பாடப்புத்தகத்தில் பெரும்பகுதி விளங்கும். தினம் ஐந்து எழுதி ஒட்டி வையுங்கள். எழுத்துக்கூட்டலில் மட்டும் கவனம். சிறுகுடலின் கடைசிப் பகுதியும் இலியம், இடுப்பெலும்பும் இலியம். காதுக்கு ஒன்றுதான், ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் "e" வந்தால் (ileum) குடல், "i" வந்தால் (ilium) எலும்பு.

அதே செமஸ்டரில் ஆங்கில உரையாடல் பாடம் வருகிறது. அதைச் சும்மா பாஸ் செய்யும் பாடமாக நினைக்காதீர்கள். டியூட்டி மாறும்போது நோயாளியைப் பற்றி அடுத்தவரிடம் சொல்ல அந்த மொழிதான் வேண்டும். நோயாளியிடம் பேச உங்கள் தர்மபுரித் தமிழ் போதும். அது உங்களுக்குப் பெரிய பலம்.

கே: கணக்கு வராது என்றுதான் நர்சிங் எடுத்தேன். இங்கேயும் கணக்கு இருக்கிறதே? (இரண்டாம் ஆண்டு மாணவி, கோவை)

இருக்கிறது, அதுவும் உயிரோடு சம்பந்தப்பட்ட கணக்கு. 500 மில்லி டிரிப்ஸ் நாலு மணி நேரத்தில் ஏற வேண்டும். மொத்த மில்லியை, ஒரு மில்லிக்கு எத்தனை சொட்டு என்ற எண்ணால் பெருக்கி, மொத்த நிமிடத்தால் வகுக்க வேண்டும். ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் செட் (டிரிப்ஸ் குழாய்) என்றால் நிமிடத்துக்கு 42 சொட்டு. 15 சொட்டு செட் என்றால் 31. குழந்தைகளுக்குப் போடும் 60 சொட்டு செட் என்றால் 125. எந்த செட் என்பது அதன் உறையிலேயே அச்சிட்டிருக்கும். உறையைப் பார்க்காமல் கிழித்து எறிகிறார்கள், அதுதான் என் ஆதங்கம்.

இன்னொன்று. 12 கிலோ குழந்தைக்குப் பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று எழுதியிருக்கிறது. மொத்தம் 180. ஒரு பாட்டிலில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம், அப்போது 7.5 மில்லி கொடுக்க வேண்டும். இன்னொரு பாட்டிலில் 5 மில்லிக்கு 250, அப்போது 3.6 மில்லி. பாட்டில் மாறியதைக் கவனிக்காவிட்டால் அளவு இரண்டு மடங்கு. ஐந்தாம் வகுப்புக் கணக்குதான் இது. தினம் பத்துக் கணக்கு போடுங்கள், ஒரு மாதத்தில் பயம் போய்விடும். சந்தேகம் வந்தால் பக்கத்தில் இருக்கும் சிஸ்டரையும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கேட்பதில் அவமானம் இல்லை.

கே: முதல் நாள் டிரெஸ்ஸிங் பார்க்கும்போது மயங்கி விழுந்துவிட்டேன். நான் இந்தப் படிப்புக்கு லாயக்கில்லையா? (மாணவி, ஈரோடு)

வருடத்துக்கு இரண்டு மூன்று பேராவது என் வகுப்பில் விழுவார்கள். அவர்களில் ஒருத்தி பிறகு அறுவை அரங்கிலேயே வேலைக்குச் சேர்ந்தாள். காலை உணவைத் தவிர்க்காதீர்கள். பல பேர் ஹாஸ்டலில் டீ மட்டும் குடித்துவிட்டு வார்டுக்கு ஓடுகிறார்கள், அதுதான் பாதிக் காரணம். நிற்கும்போது முழங்காலை விறைப்பாக வைக்காதீர்கள். கண் இருட்டினால் தொடை, கை தசைகளை இறுக்குங்கள், ரத்த அழுத்தம் சற்று ஏறும். முடியவில்லை என்றால் சொல்லிவிட்டு உட்காருங்கள். அடக்கிக்கொண்டு நின்று, கிருமி நீக்கி வைத்த ஸ்டெரைல் டிரே மேல் விழ வேண்டாம்.

கே: வார்டு போஸ்டிங்கில் படுக்கை விரிப்பதும் சிறுநீர் அளப்பதும்தான். அந்த நேரத்தில் லைப்ரரியில் படித்தால் ரேங்க் எடுக்கலாமே? வருகைப் பதிவை எப்படியாவது சரிக்கட்டலாம் என்கிறார்கள். (மாணவி, சென்னை)

வகுப்புக்கு 80 சதவீத வருகை போதும். வார்டுக்கு 100 சதவீதம். விடுபட்டதை ஈடு செய்தால்தான் பட்டம். விதியே அப்படித்தான். சரிக்கட்டலாம் என்று சொல்லும் சீனியரின் பேச்சைக் கேட்காதீர்கள்.

படுக்கை விரிக்கும்போது நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கிறீர்கள் அல்லவா? அப்போதுதான் முதுகெலும்பின் அடியில் தோல் சிவந்திருப்பது கண்ணில் படும். அழுத்தி எடுத்தும் சிவப்பு மாறவில்லை என்றால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். சிறுநீர் மணிக்கு 30 மில்லிக்குக் கீழே குறைவதை முதலில் பார்க்கப்போவதும் நீங்கள்தான், டாக்டர் இல்லை. அதை நேரத்தோடு சொன்னால் ஒரு சிறுநீரகம் பிழைக்கும்.

கே: முதலாண்டு படிக்கிறேன். ஜெர்மனி போக இப்போதே என்ன செய்ய வேண்டும்? (மாணவர், நாகர்கோவில்)

முதலில் செமஸ்டர் தேர்வில் எல்லாப் பாடத்தையும் பாஸ் செய்யுங்கள். ஜெர்மன் மொழி பி2 நிலை வரை வேண்டும், மூன்றாம் ஆண்டில் தொடங்கினால் போதும். படிக்கும்போதே பணம் கட்டச் சொல்லும் ஏஜென்ட் வந்தால், மேலே கள்ளக்குறிச்சித் தந்தைக்கு எழுதியதை ஒருமுறை படியுங்கள். ஒரிஜினல் கையில் இருக்கட்டும்.

கே: அடுத்த மாதம் வார்டு போஸ்டிங் தொடங்குகிறது. என்னென்ன வாங்க வேண்டும்? (மாணவி, புதுக்கோட்டை)

நொடிமுள் உள்ள கைக்கடிகாரம், சின்ன நோட்டு, நாலு வண்ணப் பேனா, சத்தம் போடாத ஷூ. விலை உயர்ந்த ஸ்டெதஸ்கோப் இப்போது வேண்டாம். அந்தப் பணத்தில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைத் தொடங்குங்கள். இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடாதீர்கள், நேராக ஊசி டப்பாவில் போடுங்கள். தவறிக் குத்திவிட்டால் விரலைப் பிதுக்கக் கூடாது, வாயில் வைக்கக் கூடாது. சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவிவிட்டு உடனே வார்டு சிஸ்டரிடம் சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று மறைக்காதீர்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயன் இல்லை.