பாலூட்டும் தாய்மாருக்கு: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் பிள்ளை பெற்ற தாயின் உணவைப் பற்றி எழுதியிருந்தேன். அதன் பின் வந்த கடிதங்களிற் பெரும்பாலானவை பாலூட்டுவதில் ஏற்படும் சிரமங்களையே பேசுகின்றன. பலருக்கும் பொதுவானவற்றை எடுத்து இங்கே பதில் தருகிறேன். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் குறிப்பிட்டுள்ளேன்.

கேள்வி: இது எனக்கு முதற் பிள்ளை; பிறந்து மூன்று கிழமையாகிறது. பின்னேரம் தொடங்கி இரவு பத்து மணி வரை விடாமல் மார்பைத் தேடி அழுகிறது. மார்பும் முன்பு போலக் கனக்கவில்லை. பால் போதவில்லை, ஒரு நேரமாவது பால்மா கரைத்துக் கொடு என்று மாமி சொல்கிறார். என்ன செய்வது? (ஓர் இளந்தாய், இணுவில்)

பதில்: அன்புத் தங்கைக்கு, பிள்ளையின் அழுகையைக் கொண்டு பாலை அளக்க முடியாது, சிறுநீரையும் மலத்தையும் நிறையையும் கொண்டுதான் அளக்க வேண்டும். பிறந்து ஐந்தாறு நாளுக்குப் பின் 24 மணித்தியாலத்தில் 6 தடவையோ அதற்கு மேலோ வெளிர் நிறத்திற் சிறுநீர் கழித்து, மலம் மஞ்சளாகப் போய், பிறந்த போதிருந்த நிறையை இரண்டு கிழமைக்குள் மீளப் பெற்று, அதன் பின் கிழமைக்குக் கிழமை நிறை கூடி வருகின்ற பிள்ளைக்குப் பால் போதுமாகவே இருக்கிறது. முதற் சில நாட்களிற் பிள்ளைகள் சற்று மெலிவது வழமை. பிறந்த நிறையில் 10 வீதத்தை எட்டும் அளவுக்குக் குறைந்தால் மட்டும் தாமதமின்றி வைத்தியர் பார்க்க வேண்டும். உங்கள் கையிலுள்ள பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேட்டை விரித்து, நிறைக்கோடு மேலே போகிறதா என்று பாருங்கள். மாமியோடு சேர்ந்தே பாருங்கள்.

பின்னேரத்தில் அடுத்தடுத்துக் குடிப்பது பச்சிளம் பிள்ளைகளின் இயல்பு. நாளொன்றுக்கு 8 முதல் 12 தடவை குடிக்கும் பிள்ளை அவற்றைச் சம இடைவெளியில் குடிப்பதில்லை. மூன்றாவது கிழமையிலும் ஆறாவது கிழமை அளவிலும் இந்தத் தேடல் இன்னும் கூடும். மார்பின் கனம் குறைந்ததற்கும் காரணம் உண்டு. முதற் கிழமைகளில் மார்பை விறைக்க வைத்ததில் பாலோடு சேர்ந்து இரத்தமும் நீரும் கூட இருந்தன. அவை வடிந்து, பிள்ளையின் தேவைக்கு ஏற்ப உடல் பாலைச் சுரக்கப் பழகும்போது மார்பு மென்மையாகிறது.

இறைத்த கிணறு ஊறும் என்று நாம் சொல்வது இங்கே உடலியல் உண்மை. பிள்ளை உறிஞ்சும் ஒவ்வொரு தடவையும் பாலைச் சுரக்கச் செய்யும் புரோலக்ரின் என்ற ஓமோன் கூடுகிறது. இரவில் அது இன்னும் அதிகமாகச் சுரப்பதால் இரவுப் பாலூட்டலை நிறுத்தக் கூடாது. மாறாக, மார்பிற் பால் தேங்கி நின்றால் அதுவே சுரப்பைக் குறைக்கிறது. ஒரு நேரம் பால்மா கொடுத்தால் அந்த நேரத்துப் பால் மார்பிலேயே நின்றுவிடும். பால்மா மெதுவாகச் சமிப்பதால் பிள்ளை நெடுநேரம் உறங்கும். பார்த்தாயா, பசியில்தான் அழுதது என்று வீடு முழுவதும் நம்பும். அடுத்த நாள் பால் உண்மையிலேயே குறையும். வீடு வீடாகச் சென்ற காலத்தில் நான் கண்ட பால் குறைவுகளிற் பெரும்பாலானவை இந்த வரிசையில்தான் தொடங்கின.

மாமியின் மீது கோபம் வேண்டாம். பால்மா கொடுப்பதை வசதியான வீட்டின் அடையாளமாகக் கருதிய ஒரு காலம் இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 1981இல் தாய்ப்பால் மாற்றீடுகளின் விற்பனை முறைகளுக்குச் சர்வதேச ஒழுக்கக்கோவையை ஏற்படுத்த, 1983இல் இலங்கையும் தனக்கென ஒரு கோவையைக் கொண்டுவந்ததே அந்த விளம்பரங்களைக் கட்டுப்படுத்தத்தான். ஆகவே அவர் சொல்வதும் பேரப்பிள்ளை மீதுள்ள அன்பினால்தான். அடுத்த முறை கிளினிக்குக்கு அவரையும் அழைத்துச் சென்று, தராசில் நிறை ஏறுவதை அவர் கண்ணாலேயே காணச் செய்யுங்கள்.

உண்மையாகவே பால் குறைந்த தாய்மாரும் இருக்கிறார்கள். பிள்ளைப்பேற்றில் அதிக இரத்தம் போனவர்கள், கருப்பையில் நச்சுக்கொடியின் துண்டு தங்கியவர்கள், தைரொயிட் குறைபாடு உள்ளவர்கள், மார்பிற் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள் ஆகியோரை வைத்தியர் பார்த்தே ஆக வேண்டும். அவர் சொல்லி மேலதிகமாகப் பால்மா கொடுக்க நேர்ந்த தாயை யாரும் ஒரு சொல்லும் குறை சொல்லக் கூடாது.

கேள்வி: மகளுக்குச் சத்திரசிகிச்சை செய்து பிள்ளையை எடுத்து ஆறு நாள். காம்பு வெடித்து இரத்தம் கசிகிறது. பிள்ளை வாய் வைத்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு அழுகிறாள். சரக்குக் கறியும் சுறா வறையும் முறையாகக் கொடுக்கிறோம்; வயிறு பெருத்துவிடும் என்று தண்ணீரை மட்டும் குறைத்திருக்கிறோம். வேறென்ன செய்யலாம்? (ஓர் அம்மம்மா, பருத்தித்துறை)

பதில்: அம்மா, தண்ணீரைக் குறைப்பதை இன்றே நிறுத்திவிடுங்கள். தாகம் எடுக்கும்போதெல்லாம் அவள் குடிக்கட்டும். பாலூட்டும்போது கைக்கெட்டும் தூரத்தில் ஒரு செம்பு நீர் இருக்கட்டும். தண்ணீரால் வயிறு பெருப்பதில்லை. தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல் வரும். வயிற்றிலே தையல் உள்ளவளுக்கு அது பெரும் வேதனை. மிளகும் உள்ளியும் இஞ்சியும் சேர்ந்த சரக்குக் கறியைத் தாராளமாகக் கொடுங்கள். சுறா நல்ல புரதம். ஆனால் பெரிய சுறாக்களின் தசையிற் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால் சிறிய பால்சுறாவாகப் பார்த்து, இடையிடையே மட்டும் கொடுங்கள். மற்ற நாட்களுக்குச் சிறுமீனும் முட்டையும் முருங்கையிலை வறையும் இருக்கின்றன.

இனிக் காம்புக்கு வருவோம். வெடிப்புக்குப் பெரும்பாலும் காரணம் பிள்ளை மார்பைப் பற்றும் விதமே. காம்பை மட்டும் வாய்க்குள் எடுத்தால் அது பிள்ளையின் கடினமான அண்ணத்தில் உரசிப் புண்ணாகும். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்திற் பெரும்பகுதியும் வாய்க்குள் போனால் காம்பு மென்மையான உள்ளண்ணம் வரை சென்று நோவில்லாமல் இருக்கும். பிள்ளையின் காதும் தோளும் இடுப்பும் ஒரே நேர்கோட்டில், அதன் வயிறு தாயின் உடலோடு ஒட்டியிருக்கும்படி வையுங்கள். பிள்ளையின் மூக்குக்கு நேரே காம்பை வைத்து, மேலுதட்டை அதனால் மெல்லத் தொட்டுக் காத்திருங்கள். கொட்டாவி விடுவது போல வாய் அகலத் திறந்த கணத்திற் பிள்ளையை மார்புக்குக் கொண்டுவர வேண்டும். மார்பைப் பிள்ளையிடம் கொண்டுபோகக் கூனினால் பற்றுதலும் கெடும், முதுகும் நோகும். நாடி மார்பிற் பதிந்து, கீழுதடு வெளியே மடிந்து, கருவட்டம் கீழே குறைவாகவும் மேலே கூடுதலாகவும் தெரிந்தால் பற்றுதல் சரி. முதற் சில விநாடிகளின் பின்னும் நோவு தொடர்ந்தால், இழுத்தெடுக்காமல், கழுவிய சுண்டுவிரலை வாயின் ஓரத்தில் நுழைத்து உறிஞ்சலை விடுவித்து மறுபடியும் தொடங்க வேண்டும். எத்தனை முறை என்றாலும் பரவாயில்லை.

வயிற்றுத் தையல் இருப்பதால் மடியில் வைப்பது அவளுக்குக் கடினம். பக்கவாட்டிற் சரிந்து படுத்தபடி பாலூட்டலாம். அல்லது பிள்ளையின் கால்கள் பின்னோக்கி இருக்கும்படி அதைக் கக்கத்தின் கீழ் ஒரு தலையணையில் வைத்துத் தாங்கலாம். தலையணை வைப்பதும் பிள்ளையை எடுத்துக் கொடுப்பதும் உங்கள் பங்கு. பாலூட்டி முடிந்ததும் சில துளி பாலைப் பிழிந்து காம்பிலே தடவி உலர விடுங்கள், சவர்க்காரம் வேண்டாம். ஓரிரு நாளில் ஆறாவிட்டாலும், பிள்ளையின் நாக்கின் அடியிலுள்ள சவ்வு குறுகி நாக்கு வெளியே நீளாமல் இருந்தாலும், வாயில் வெண்படலம் தெரிந்தாலும் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். முதற் பத்து நாட்களுக்குள் அவர் வீட்டுக்கு வந்து பார்ப்பது அவரது கடமை. வந்ததும் பிள்ளையைக் காட்டி அனுப்பிவிடாமல், அவர் முன்னாலேயே ஒரு தடவை பாலூட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: சித்திரை வெயில் தாங்க முடியவில்லை. மூன்று மாதப் பிள்ளைக்குக் கொதித்தாறிய தண்ணீர் ஒரு கரண்டியாவது கொடுக்கலாமா? (கோப்பாய்)

பதில்: வேண்டாம். தாய்ப்பாலில் நூற்றுக்கு எண்பத்தேழு பங்குக்கு மேல் நீர்தான். எந்த வெயிலிலும் ஆறு மாதம் வரை அதுவே பிள்ளைக்குப் போதும். வெக்கையில் பிள்ளை அடிக்கடி சிறிது நேரம் குடிக்க விரும்பும், அதற்கு இடம் கொடுங்கள். தண்ணீரால் நிறைந்த சின்ன வயிற்றிற் பாலுக்கு இடமில்லாமற் போகும். கிருமித் தொற்றும் வரும்.

உங்கள் ஊரைப் பார்த்ததும் இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கற்பாறையில் தங்கியிருக்கிறது. தோட்டங்களுக்கு இடும் பசளையும் மலக்குழிகளின் கசிவும் அந்தப் பாறையின் வெடிப்புகள் ஊடாக எளிதில் இறங்குவதால், உங்கள் ஊர் அடங்கிய வலிகாமத்துத் தோட்டப் பகுதிகளில் பல கிணறுகளில் நைத்திரேற்று என்ற உப்பின் அளவு மிகுந்திருப்பது ஆய்வுகளிற் கண்டறியப்பட்டுள்ளது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. அதற்கு மேற்பட்ட நைத்திரேற்று, ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுத்து, உதடும் நகமும் நீலமாகும் நிலைக்குக் கொண்டுபோகலாம். கொதிக்க வைப்பது கிருமிகளைக் கொல்லும்; நைத்திரேற்றை அகற்றாது. நீர் ஆவியாகக் குறையும்போது எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடவே செய்யும். தாய் குடிக்கும் நீரிலுள்ள நைத்திரேற்று அதே அளவிற் பாலுக்குள் போவதில்லை என்பது பாலூட்டும் தாய்மாருக்கு ஆறுதல். ஏதோ காரணத்தாற் பால்மா கரைத்தே ஆக வேண்டிய வீடுகள் கிணற்று நீரைப் பரிசோதிக்காமற் பயன்படுத்தக் கூடாது. உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் இது பற்றிக் கேளுங்கள். ஓமத் தண்ணீர், வசம்பு, தேன், கிரைப் வோட்டர் ஆகியவற்றுக்கும் என் பதில் வேண்டாம் என்பதே.

கேள்வி: இடது மார்பில் ஒரு பக்கம் சிவந்து கல்லாக இருக்கிறது, நேற்றிரவு குளிர் காய்ச்சல். மார்பை நன்றாக உருவி எடு, மல்லிகைப் பூ வைத்துக் கட்டு, பிள்ளைக்கு அந்தப் பக்கம் கொடுக்காதே என்கிறார்கள். (சாவகச்சேரி)

பதில்: அந்தப் பக்கமும் தொடர்ந்து கொடுங்கள், அந்தப் பாலால் பிள்ளைக்குக் கேடில்லை. திடீரென நிறுத்தினால் சீழ்க்கட்டியாகும் ஆபத்து உண்டு. பலமாக உருவுவது உள்ளே வீங்கிய திசுவை இன்னும் காயப்படுத்தும். மல்லிகைப் பூவை நம் பெரியவர்கள் பாலை வற்றச் செய்யவே கட்டினார்கள், பாலூட்ட விரும்பும் உங்களுக்கு அது பொருந்தாது. பாலூட்டிய பின் துணியிற் சுற்றிய குளிர்ந்த ஒத்தடம் வையுங்கள், படுத்து ஓய்வெடுங்கள். பரசிற்றமோல் பாலூட்டும் தாய்க்கு ஏற்றதே. உங்களுக்குக் காய்ச்சல் வந்துவிட்டதால் காத்திருக்காமல் இன்றே வைத்தியரைக் காணுங்கள். நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து தேவைப்பட்டால் பாலூட்டும் தாய்க்கு ஏற்றதை அவர் தருவார். முழு அளவையும் குடித்து முடிக்க வேண்டும்.

கேள்வி: தொழிற்சாலையொன்றில் வேலை. விடுமுறை முடியப் போகிறது. பிள்ளைக்கு நான்கு மாதம்கூட ஆகவில்லை. காலை ஏழு மணிக்குப் போனால் மாலை ஐந்துக்குத்தான் வருவேன். (தென்மராட்சி)

பதில்: ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்கச் சொல்லும் நாட்டில் மகப்பேற்று விடுமுறை 84 வேலைநாட்களோடு முடிகிறது என்பது எனக்கு நெடுநாளாக இருக்கும் மனக்குறை. எனினும், மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் தாய்க்கு, பிள்ளைக்கு ஒரு வயதாகும் வரை, வேலைநாளில் இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் உரியவை. வேலையிடத்திற் பிள்ளைக் காப்பகம் இருந்தால் ஒவ்வொன்றும் 30 நிமிடம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். இதைக் கேட்டுப் பெறுங்கள். மறுத்தால் தொழிற் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். வீட்டுக்கு வந்துபோக முடியாவிட்டால் அந்த நேரத்தைப் பால் பிழியப் பயன்படுத்தலாம்.

வேலைக்குத் திரும்ப இரண்டு கிழமை இருக்கும்போதே கையாற் பிழியப் பழகத் தொடங்குங்கள். பெருவிரலையும் மற்ற விரல்களையும் கருவட்டத்தின் விளிம்பில் வைத்து, நெஞ்சுப் பக்கமாக அழுத்திப் பின் ஒன்றையொன்று நோக்கி அமுக்கி விட வேண்டும்; தோலின் மீது விரல் வழுக்கக் கூடாது. பிழிந்த பால் அறை வெப்பத்தில் 4 மணித்தியாலம் தாங்கும் என்பது 25 பாகை அளவுக்குச் சொன்ன கணக்கு. நம் வெக்கைக்கு அதை நம்பாமல், ஐஸ் வைத்த பெட்டியிற் கொண்டுவந்து குளிர்சாதனப் பெட்டியின் உட்புறத்தில் வைத்தால் நான்கு நாள் வரை கெடாது. பாலுள்ள கிண்ணத்தைச் சுடுநீருக்குள் வைத்து இளஞ்சூடாக்குங்கள். அடுப்பிற் காய்ச்சக் கூடாது. பிள்ளை குடித்து மீந்ததை மறுபடி கொடுக்கக் கூடாது. சூப்பிப் போத்தலை விடச் சிறு கோப்பை நல்லது: கழுவுவது எளிது, பிள்ளையும் மார்பை மறக்காது. உங்கள் அம்மாவோ மாமியோ பிள்ளையை நிமிர்த்தி இருத்தி, கோப்பையின் விளிம்பைக் கீழுதட்டில் வைத்தாற் பிள்ளை தானாகவே நக்கிக் குடிக்கும். வாய்க்குள் ஊற்ற வேண்டியதில்லை.

கேள்வி: மனைவிக்குப் பிள்ளை பிறந்து ஐந்து கிழமை. பாலூட்டுவது அவள் வேலை, நான் எதைச் செய்ய முடியும்? எதைக் கேட்டாலும் அழுகிறாள். (ஒரு தகப்பன், அச்சுவேலி)

பதில்: தம்பி, நோவும் பதற்றமும் பாலை இறங்கச் செய்யும் ஒக்சிற்றோசின் ஓமோனைத் தடுக்கும். அவளுடைய நிம்மதியைக் காப்பது பாலூட்டலின் ஒரு பாதி, அந்தப் பாதி உங்களுடையது. இரவிற் பிள்ளை எழுந்தால் நப்பியை நீங்கள் மாற்றி அவளிடம் கொடுங்கள். குடித்த பின் தோளிற் போட்டுத் தட்டி ஏணையிற் கிடத்துங்கள். பிள்ளை பார்க்க வருகிறவர்கள் பால் இருக்கிறதா என்று கேட்கும்போது, நன்றாகக் குடிக்கிறான் என்று அவளுக்கு முன் நீங்களே பதில் சொல்லுங்கள்.

அழுகையைப் பற்றிச் சொன்னீர்களே, அதை இலேசாக எடுக்க வேண்டாம். முதலிரண்டு கிழமைகளில் வரும் மனத்தளம்பல் தானாகத் தீரும். ஐந்து கிழமையாகியும் தொடர்ந்தால், பிள்ளை உறங்கும்போதும் அவளுக்கு உறக்கம் வராவிட்டால், பிள்ளை மீது பற்றில்லை என்று சொன்னால், அது பிள்ளைப்பேற்றின் பின்னான மனச்சோர்வாக இருக்கலாம். அது சிகிச்சையாற் குணமாகும் நோய். இந்தக் கிழமையே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கோ அருகிலுள்ள வைத்தியசாலைக்கோ அழைத்துச் செல்லுங்கள். தனக்கோ பிள்ளைக்கோ தீங்கு செய்யும் எண்ணம் அவள் வாயில் வந்தால் ஒரு மணி நேரமும் அவளைத் தனியே விடாமல் அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்ல வேண்டும். மனநலச் சிகிச்சை பெறும்போதும் பாலூட்டலாம். அதற்கேற்ற மருந்துகள் உள்ளன என்பதை வைத்தியரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.