மெட்ரோவில் வந்தது காதலா, பழக்கமா?

கேள்வி: எனக்கு வயது 27. மும்பையில் முலுண்டில் இருக்கிறோம், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். சாகிநாக்காவில் வேலை. உடன் வேலை பார்க்கும் ஒருவரும் நானும் பதினான்கு மாதம் காட்கோபரிலிருந்து மெட்ரோவில் ஒன்றாகவே போய்வந்தோம். போன ஜூலை மழையில் ரயில் நின்றுபோய், விக்ரோலி வரை முழங்கால் தண்ணீரில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அன்றைக்குத்தான் மனதில் ஏதோ ஆனது. அவர் அம்மாவுக்கு டயாலிசிஸ் நடப்பது ஆபீசில் எனக்கு மட்டும்தான் தெரியும். மூன்று மாதம் முன்பு அவரை நவி மும்பையில் ஐரோலிக்கு மாற்றிவிட்டார்கள், இப்போது போன் மட்டும்தான். இதற்கிடையில் வீட்டில் ஒரு வரன் வந்தது. பெண் பார்க்க வந்தபோது பத்து நிமிடம் தனியாகப் பேசினோம், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. 'அவன்மேல் உனக்கு இருப்பது காதல் இல்லை, வெறும் பழக்கம்தான்' என்கிறாள் தோழி. அப்பா மாதக் கடைசிக்குள் பதில் கேட்கிறார். என்ன செய்வது?

பதில்: உங்கள் தோழி சொன்னதில் அந்த 'வெறும்'தான் எனக்கு உறுத்துகிறது. 'பையன் நன்றாகப் பழகுவான்' என்றால் நம் வீடுகளில் அது பாராட்டு. காதல் விஷயத்தில் மட்டும் பழக்கம் எப்படி மட்டமான சரக்கானது?

பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் 1968-ல் கிட்டத்தட்ட நேர்மாறாகச் சொன்னார்: ஒன்று திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டாலே அது நமக்குப் பிடிக்கத் தொடங்கிவிடும். 1992-ல் மோர்லண்ட், பீச் என்ற இருவர் இதை ஒரு கல்லூரி வகுப்பிலேயே சோதித்தார்கள். தோற்றத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரியான நான்கு பெண்கள். ஒருவர் வகுப்புக்கு வரவே இல்லை, மற்றவர்கள் 5, 10, 15 முறை வந்து உட்கார்ந்தார்கள். யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் படத்தைக் காட்டிக் கேட்டால், அதிக நாள் வந்தவரைத்தான் மாணவர்களுக்கு அதிகம் பிடித்திருந்தது. வாயே திறக்காதவருக்கு அப்படியென்றால், பதினான்கு மாதம் பேசிக்கொண்டே போனவருக்கு? ஆனால் முதலிலேயே ஆகாத ஆளைத் தினமும் பார்த்தால் எரிச்சல்தான் ஏறும். அங்கே பழமொழி ஜெயிக்கும்.

எனக்குச் சந்தேகம் இருப்பது உங்கள் மழை நாளில்தான். கனடாவில் வான்கூவர் அருகே கபிலானோ என்ற தொங்கு பாலம் இருக்கிறது. 230 அடி உயரம், நடந்தால் ஆடும். டட்டன், ஆரான் இருவரும் 1974-ல் வெளியிட்ட ஆய்வில், அந்தப் பாலத்தில் வந்த ஆண்களிடம் ஒரு பெண் சில கேள்விகள் கேட்டுவிட்டுத் தன் போன் நம்பரைக் கொடுத்தார். வாங்கிக்கொண்ட 18 பேரில் 9 பேர் பிறகு கூப்பிட்டார்கள். ஆடாத, தாழ்வான பாலத்தில் நம்பர் வாங்கிய 16 பேரில் கூப்பிட்டது 2 பேர்தான். பயத்தில் அடித்துக்கொண்ட நெஞ்சு, எதிரில் நின்ற பெண்ணுக்காகத்தான் அடித்துக்கொண்டது என்று நினைத்துவிட்டதாம். மூடியில்லாத மேன்ஹோல் எங்கே இருக்குமோ என்று காலால் தடவித் தடவி நடந்த அந்த சாயங்காலம் உங்கள் நெஞ்சும் அப்படித்தான் அடித்திருக்கும். அதனால் அந்த ஒரு நாளுக்கு நீங்கள் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனீர்களே, அவர் அம்மாவின் டயாலிசிஸ், அதில் குறைக்க ஒன்றுமில்லை. மேலே சொன்ன அதே ஆர்தர் ஆரான் 1997-ல் முன்பின் தெரியாதவர்களை ஜோடியாக உட்காரவைத்து, போகப் போக அந்தரங்கமாகும் 36 கேள்விகளை ஒருவரையொருவர் கேட்கவைத்தார். முக்கால் மணி நேரத்தில், சும்மா அரட்டை அடித்த ஜோடிகளைவிட இவர்களுக்கு நெருக்கம் கூடியிருந்தது. மனதில் இருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து காட்டுவதுதான் விஷயம். உங்களிடம் அவர் காட்டியிருக்கிறார். நீங்கள் அவரிடம் எதைச் சொன்னீர்கள்? கடிதத்தில் அது இல்லை.

இதே கணக்கில், அந்த வரனுக்கு நீங்கள் நியாயம் செய்யவில்லை. ஒரு பக்கம் பதினான்கு மாதம், இன்னொரு பக்கம் பத்து நிமிடம், அதுவும் ஹாலில் பெரியவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க. ஒன்றும் தோன்றாதது அவர் குற்றமில்லை, உங்கள் குற்றமுமில்லை. 1982-ல் ஜெய்ப்பூரில் உஷா குப்தா, புஷ்பா சிங் இருவரும் 50 தம்பதிகளிடம் செய்த ஆய்வில், வீட்டில் பார்த்துச் செய்த திருமணங்களில் அன்பு குறைவாகத் தொடங்கி, சில வருடங்களில் காதல் திருமணங்களைத் தாண்டியிருந்தது. உங்கள் அப்பா கையில் கிடைத்தால் பிரேம் போட்டு மாட்டிவிடுவார்! ஆனால் மொத்தமே 50 தம்பதிகள்தான். 2012-ல் அமெரிக்காவில் வாழும் இந்தியர்களிடம் கேட்டபோது இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. எப்படித் தொடங்கியது என்பதை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

ராபர்ட் ஸ்டெர்ன்பெர்க் 1986-ல் காதலை மூன்றாகப் பிரித்தார்: நெருக்கம், வேட்கை, உறுதி. உங்களிடம் முதலாவது நிறைய இருக்கிறது. இரண்டாவது மழையில் நனைந்து வந்தது. மூன்றாவதைப் பற்றி இரண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை. ஐரோலிக்குப் போன பிறகும் போன் நிற்கவில்லை, நல்லது. அதில் பாதியாவது அவர் கூப்பிட்டதா என்று போனிலேயே பாருங்கள். நீங்கள் மட்டுமே கூப்பிட்டுக்கொண்டிருந்தால், தோழி சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

அப்புறம், மாதக் கடைசிக்கு முன்னால் அவரை நேரில் பார்த்து, 'வீட்டில் வரன் வந்திருக்கிறது, உங்கள் மனதில் என்ன?' என்று நேராகக் கேளுங்கள். அவர் 'இல்லை' என்றால் ஒரு வாரம் அழுங்கள், பிறகு அந்த வரனை இன்னொரு முறை, வெளியில், ஒரு மணி நேரமாவது பார்க்க வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். 'ஆமாம்' என்றால் அந்த வீட்டாரைக் காக்கவைக்காமல் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

பேசும் இடம் மெட்ரோவாக வேண்டாம், அங்கே பழைய பழக்கம் வந்து உட்கார்ந்துகொள்ளும். நம்மவர்கள் கூடும் மாதுங்கா ஓட்டல்களும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி ஆறுவதற்குள் எழுப்பிவிடுவார்கள், போதாததற்கு அடுத்த மேஜையில் உங்கள் சித்தி உட்கார்ந்திருப்பார்.