கண்ணெதிரே போகாமல் சோபாவுக்குப் பின்னால் போகிறது எங்கள் குட்டி

கேள்வி: எங்கள் வீட்டில் 11 வாரக் குட்டி ஒன்று இருக்கிறது. நாட்டு நாய், பெயர் மணி. தாய் நாய் தெருவில் வண்டியில் அடிபட்டு இறந்துவிட்டதால் என் மகன் தூக்கி வந்தான். வீட்டுக்குள் ஒன்றுக்குப் போனால் என் கணவர் அதன் மூக்கை அந்த ஈரத்தில் தேய்த்து, சுருட்டிய பேப்பரால் இரண்டு போடுவார். "பயம் இருந்தால்தான் நாய் அடங்கும்" என்பது அவர் கட்சி. இப்போது அது எங்கள் கண்ணெதிரே போவதில்லை, சோபாவுக்குப் பின்னால் போய்விட்டு வருகிறது. கணவர் வேலை முடிந்து வாசலில் வந்து நின்றாலே தரையோடு பம்மி, நின்ற இடத்திலேயே நனைத்துவிடுகிறது. எட்டு வயது மகனைக் கையிலும் காலிலும் கடிக்கிறது. தீனி கொடுத்துப் பழக்கலாம் என்று தோழி சொல்கிறாள். "அது லஞ்சம். அப்புறம் தீனியைக் காட்டினால்தான் பேச்சு கேட்கும்" என்கிறார் கணவர். நான் என்ன செய்யட்டும்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: அன்புள்ள வாசகிக்கு, மணி மக்குக் குட்டி இல்லை. உங்கள் வீட்டில் கிடைத்த பாடத்தை அது சரியாகவே படித்திருக்கிறது. ஆள் பார்க்கும்போது ஒன்றுக்குப் போனால் அடி விழுகிறது, பார்க்காதபோது போனால் ஒன்றும் ஆவதில்லை. அதனால் ஆள் பார்க்காத இடத்தைத் தேடிக்கொண்டது. 'வீட்டுக்குள் போகாதே' என்று நீங்கள் சொல்ல நினைத்தது அதற்குப் போய்ச் சேரவே இல்லை. இதில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. உங்கள் முன்னால் போகவே பயப்படுகிற குட்டியை வெளியே அழைத்துப் போய் அரை மணி நேரம் நின்றாலும் அது அடக்கிக்கொண்டுதான் நிற்கும். உள்ளே வந்ததும் நேராக சோபாவுக்குப் பின்னால் ஓடும்.

கணவரைக் கண்டதும் நனைத்துவிடுவது திமிரும் இல்லை, குற்ற உணர்வும் இல்லை. தன்னைவிடப் பெரிய ஒருவரிடம் 'என்னை ஒன்றும் செய்துவிடாதே' என்று குட்டிகள் சொல்கிற முறை அது. அந்த நேரத்தில் அதட்டினால் இன்னும் அதிகமாக நனைக்கும். நாயின் 'திருட்டு முழி' பற்றி நியூயார்க்கின் பார்னார்ட் கல்லூரியைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். தின்னக்கூடாததை நாய் தின்றதா இல்லையா என்பதற்கும் அந்த முழிக்கும் தொடர்பே இல்லை. உரிமையாளர் திட்டினால், எதையும் தொடாத நாயும் அதே முழி முழித்தது.

பயம்தான் நாயை அடக்கும் என்ற நம்பிக்கை உங்கள் கணவருடையது மட்டுமல்ல. 1947-ல் ருடால்ஃப் ஷெங்கல் என்ற விலங்கியல் ஆய்வாளர், சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குக்காட்சிசாலையில் அடைத்து வைத்திருந்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதில் இருந்து, கூட்டத்தில் சண்டை போட்டு ஜெயித்த ஓநாய்தான் தலைவன், நாய்க்கும் வீட்டில் ஒரு தலைவன் வேண்டும் என்ற எண்ணம் உலகம் முழுக்கப் பரவியது. காட்டு ஓநாய்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த டேவிட் மெக், 1999-ல் அதை மறுத்து எழுதினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஓர் அப்பா, ஓர் அம்மா, அவற்றின் பிள்ளைகள், அவ்வளவுதான். அடித்தால் என்ன ஆகிறது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனைக்கு நடத்தைப் பிரச்சினையோடு வந்த நாய்களின் உரிமையாளர்களிடம் விசாரித்து 2009-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நாயை அடித்தவர்களிலும் உதைத்தவர்களிலும் 43 சதவீதம் பேர், பதிலுக்கு நாய் தங்களிடம் சீறியதாகவோ கடிக்க வந்ததாகவோ சொன்னார்கள். இன்று பம்முகிற மணி ஒரு வயதில் பம்மாமல் போகலாம். வீட்டில் எட்டு வயதுப் பையன் இருக்கிறான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். பேப்பரை இன்றோடு விட்டுவிடச் சொல்லுங்கள்.

சரி, அடிக்காமல் எப்படி? டால்பின்களை நினைத்துப் பாருங்கள். அவற்றுக்குக் கழுத்துப்பட்டை போட முடியாது, இழுக்க முடியாது, அடிக்கக் கை ஓங்கினால் நீந்திப் போய்விடும். 1960-களில் ஹவாயில் கேரன் பிரையர் டால்பின்களைப் பழக்கியது ஒரு விசிலையும் மீனையும் வைத்துத்தான். வேண்டியதைச் செய்த கணத்தில் விசில், உடனே மீன். அவரும் மற்றவர்களும் அதே முறையைப் பிறகு நாய்களுக்குக் கொண்டுவந்தார்கள். விசிலுக்குப் பதில் உங்களுக்கு ஒரு சொல் போதும். 'சபாஷ்' என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லோரும் அதே சொல்லை, அதே தொனியில், சுருக்கென்று சொல்ல வேண்டும். முதல் நாள் மணியிடம் எதுவும் கேட்க வேண்டாம். 'சபாஷ்', ஒரு துண்டு தீனி. மறுபடி 'சபாஷ்', ஒரு துண்டு. சொல்லைக் கேட்டதும் தலையைத் திருப்பி உங்கள் கையைப் பார்க்கிறதா? சொல்லுக்கு அர்த்தம் புரிந்துவிட்டது.

தீனி பொட்டுக்கடலை அளவுக்கு மேல் வேண்டாம். உப்பு, மசாலா போடாமல் வேகவைத்த கோழி, முட்டை, கொஞ்சம் பனீர், சைவ வீடென்றால் வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு. ஒரு நாள் உணவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இது போகக்கூடாது. பிஸ்கட் வெறும் மாவும் சர்க்கரையும்தான், வேண்டாம். குழம்பில் இருந்து எடுத்த கறித்துண்டு வேண்டவே வேண்டாம், வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகாது. சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை மூன்றும் நாய்க்கு விஷம். இதை மகனுக்குத் தனியாகச் சொல்லி வையுங்கள்.

இப்போது ஒன்றுக்குப் போகும் விஷயம். 11 வாரக் குட்டியால் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும், ராத்திரி நடுவில் ஒரு தடவையும் வெளியே கொண்டுபோக வேண்டும். கயிற்றைப் போட்டு, எப்போதும் ஒரே இடத்துக்கு அழைத்துப் போங்கள். தடுப்பூசிகள் முடியாததால் அது தெருவாக இருக்க வேண்டாம், உங்கள் வாசலோ கொல்லைப்புறமோ போதும். அங்கே போய்ச் சும்மா நில்லுங்கள். குட்டியை உற்றுப் பார்க்காதீர்கள், அடி வாங்கிய குட்டிக்கு அது போதும் பயப்பட. உட்கார்ந்து போகும்போது வாயைத் திறக்காதீர்கள். பாதியில் 'சபாஷ்' சொன்னால் மீதியை நிறுத்திவிட்டுத் தீனிக்கு ஓடி வரும், அந்த மீதியை உள்ளே வந்துதான் முடிக்கும். முடித்து எழுந்த அந்த நொடியில் சொல்லுங்கள், அங்கேயே, அந்த மண்ணிலேயே நின்று தீனியைக் கொடுங்கள். பலர் வீட்டுக்குள் வந்து டப்பாவைத் திறந்து கொடுக்கிறார்கள். அப்போது குட்டிக்குப் பரிசு கிடைப்பது உள்ளே ஓடி வந்ததற்கு, வெளியே போனதற்கு இல்லை. இந்த முறையில் தவறுகிற வீடுகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தவறுகின்றன. தீனியை இடுப்பில் ஒரு சின்னப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே இருக்கும்போது கண் அதன் மேலேயே இருக்கட்டும். விளையாட்டைச் சட்டென்று விட்டுவிட்டுத் தரையை முகர்ந்துகொண்டு வட்டமடித்தால் தூக்கிக்கொண்டு வெளியே போங்கள். சோபாவைச் சுவரோடு ஒட்டிப் போட்டு அந்தச் சந்தை அடைத்துவிடுங்கள். தப்பித்தவறி உள்ளே போய்விட்டால் ஒரு வார்த்தையும் பேசாமல் துடையுங்கள். ஃபினைல் நம் மூக்குக்குத்தான் வாடையை மறைக்கும், நாயின் மூக்குக்கு இல்லை. என்சைம் கலந்த துப்புரவு திரவம் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும், அதை வாங்குங்கள்.

லஞ்சம் என்ற சந்தேகத்துக்கு வருகிறேன். வேலைக்கு முன்னால் காட்டுவது லஞ்சம், வேலை முடிந்தபின் கொடுப்பது கூலி. உங்கள் கணவரும் மாதம் முடிந்து சம்பளம் வாங்குகிறார், அதை யாரும் லஞ்சம் என்பதில்லை. ஆனால் அவர் பயப்படுவதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. தீனியைக் கையில் வைத்தே பழக்கிக்கொண்டிருந்தால் அவர் சொன்னதுதான் நடக்கும். உட்காரப் பழக்குவதைப் பாருங்கள். துண்டை மூக்கருகில் பிடித்து, தலைக்கு மேலாகப் பின்பக்கம் மெதுவாகக் கொண்டுபோனால் மூக்கு மேலே போகும், பின்புறம் தானாகத் தரையில் படும். 'சபாஷ்', தீனி. நாலைந்து தடவை இப்படிச் செய்துவிட்டு, அடுத்த தடவை வெறுங்கையால் அதே அசைவைக் காட்டுங்கள். உட்காரும். இப்போது தீனி பையில் இருந்து வரட்டும். கை காலி, ஆனாலும் கூலி உண்டு என்பது குட்டிக்குப் பிடிபட்டுவிட்டால் காட்டிக் கேட்க வைக்கும் கதை முடிந்தது. அந்தப் பழக்கம் நன்றாகப் படிந்தபின், சில தடவை தீனி, சில தடவை தட்டிக்கொடுப்பு என்று குறைக்கலாம். கூப்பிட்டதும் ஓடி வருவதற்கு மட்டும் குறைக்காதீர்கள். திறந்த கேட்டைத் தாண்டி வண்டி வருகிற பக்கம் ஓடும் நாயைத் திருப்புவது அந்த ஒரு பழக்கம்தான். 'மணி, வா' என்று கூப்பிட்டுத் திட்டவும் கூடாது, குளிப்பாட்டப் பிடிக்கவும் கூடாது.

கடி விஷயத்தில் முக்கியமானதை முதலில் சொல்கிறேன். மணியின் தாய் தெரு நாய், குட்டிக்கும் இன்னும் ரேபிஸ் தடுப்பூசி போட்டிருக்க மாட்டீர்கள். பல் பட்டு மகனுக்குத் தோல் கிழிந்திருந்தாலோ லேசாகக் கீறியிருந்தாலோ, ஓடுகிற தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். ஏற்கெனவே பட்டிருந்தால் இதைப் படித்து முடித்ததும் கிளம்புங்கள். அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம். குட்டிதானே என்று விடக்கூடாத விஷயம் இது.

மற்றபடி அது கடிப்பது கோபத்தில் இல்லை. எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டிகள் கூடப்பிறந்தவற்றோடு விளையாடித்தான் தெரிந்துகொள்ளும், மணிக்கு அந்த வாய்ப்பு பாதியில் போய்விட்டது. இன்னும் கொஞ்ச நாளில் பால்பற்களும் விழத் தொடங்கும், ஆறேழு மாதம் வரை ஈறு நமநமக்கும். மகன் கத்திக்கொண்டு ஓடினால் குட்டிக்கு அது விளையாட்டு. கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் நிற்கச் சொல்லுங்கள். குட்டி கடியை விட்டதும் பழைய பருத்தித் துணியில் பின்னிய கயிற்றை நீங்கள் நீட்டுங்கள், அதைக் கவ்வினால் 'சபாஷ்'. சாயங்காலம் வெறி பிடித்தது போலக் கடித்தால் தூக்கம் போதவில்லை என்று அர்த்தம். இந்த வயதில் நாளுக்கு 18 மணி நேரமாவது தூங்க வேண்டும். இருவரையும் தனியே விட்டுவிட்டு நீங்கள் சமையலறைக்குப் போக வேண்டாம்.

கணவரிடம் இதைக் காட்டுங்கள். ஐயா, மணியின் சாப்பாட்டுத் தட்டு இனி உங்கள் கையால் வரட்டும். வேலை முடிந்து வரும்போது குட்டியை வீட்டம்மா வாசலுக்குக் கொண்டுவந்துவிடட்டும், நனைத்தாலும் மண்தானே. நேராகப் பார்க்காமல், மேலே குனியாமல், பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்காருங்கள். இரண்டு மூன்று துண்டுகளை உங்கள் அருகே போடுங்கள். அது வந்து தின்னட்டும், கை நீட்ட வேண்டாம். தானாக நெருங்கி முகர ஆரம்பித்தபின் தாடைக்குக் கீழே விரலால் தடவுங்கள், தலைக்கு மேலே கையைக் கொண்டுபோகாதீர்கள். ஏற்கெனவே பயந்த குட்டி உங்களை நம்ப நாளாகும், அவசரப்படாதீர்கள். வீட்டில் வேறு யாரையும்விட இந்தப் பயிற்சி உங்கள் கையால் நடக்க வேண்டும் என்பது என் கருத்து.

அப்புறம் ஒன்று. உலகத்தைப் பயமில்லாமல் பழகிக்கொள்ளும் வயது நாய்க்கு சுமார் 3 வாரத்தில் தொடங்கி 14 வாரத்தோடு குறையத் தொடங்குகிறது. மணிக்குக் கொஞ்ச நாள்தான் மீதி. கையில் தூக்கிக்கொண்டு போய் ஆட்டோ, ஹெல்மெட் போட்டவர், குடை, கோயில் மேளம் எல்லாவற்றையும் தூரத்தில் இருந்தே காட்டுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு. வெடிச்சத்தத்தையும் போனில் மிகக் குறைந்த ஒலியில் இப்போதே பழக்கினால் தீபாவளிக்குக் கட்டிலுக்கு அடியில் நடுங்காது.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தும் மணி அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போனாலோ, போகும்போது முனகினாலோ, சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ அது பழக்கக் கோளாறு இல்லை. சிறுநீர்ப் பாதையில் தொற்று இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டி ஒரு சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். ரேபிஸ் தடுப்பூசிக்கான தேதியையும் அங்கேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.