கபடி ரைடருக்கு கிராஸ்ஃபிட் சரிவருமா?

தம்பி, போட்டிக்கு எட்டு வாரம் இருக்கு, இரண்டாம் பாதியில கால் கனத்துப் போகுது, எடை தூக்குறது, ஓட்டம், குதிக்கிறதுன்னு தினம் மாத்தி மாத்திக் கலந்து செய்யற கிராஸ்ஃபிட்ல சேரலாமான்னு கேட்டிருந்தீங்க. இந்த எட்டு வாரத்துக்கு வேண்டாம்னுதான் சொல்வேன். தினம் ஒரு புதுப் பயிற்சி சலிப்பு தட்டாது, உண்மைதான். ஆனா போன வாரத்தைவிட வேகம் கூடுச்சான்னு பார்க்கிறது சிரமம்.

உங்க ஆட்டத்தை வச்சே கணக்குப் போடுங்க. ஒரு ரைடு 30 நொடி, பாதிக்கு 20 நிமிஷம். அதனால 20 முதல் 30 நொடி முழு வேகத்துல, திசை மாத்தி மாத்தி ஷட்டில் ஓட்டம், அதாவது ரெண்டு கோட்டுக்கு நடுவுல போய்த் திரும்பி ஓடுறது. பிறகு ஒன்றரை நிமிஷம் ஓய்வு. ஆறு தடவையில ஆரம்பிச்சு மெதுவா பத்துக்குக் கொண்டுபோங்க. வேகம் விழுந்துட்டா அன்னிக்கு அதோட நிறுத்திடுங்க. வாரம் ரெண்டு நாள் போதும். இன்னும் ரெண்டு நாள் ஸ்குவாட் (உட்கார்ந்து எழுறது), டெட்லிஃப்ட் (தரையில இருந்து எடை தூக்குறது), ஒற்றைக்கால் பயிற்சி. வித்தியாசம் வேணும்னா ஒரு நாள் மணல், ஒரு நாள் மேடுன்னு இடத்தை மாத்துங்க.

யூடியூப்ல 'டபாட்டா'ன்னு பர்ப்பி (கீழே குனிஞ்சு படுத்து, எழுந்து குதிக்கிறது) போடுறாங்களே, அதை நம்பாதீங்க. அந்தப் பேருக்குக் காரணமான, 1996-ல வெளிவந்த ஜப்பான் ஆய்வு நின்ற இடத்துல மிதிக்கிற சைக்கிள்ல நடந்தது: 20 நொடி உச்ச உழைப்பு, 10 நொடி ஓய்வு. மூச்சுத்திறனுக்குச் சரி, 10 நொடி ஓய்வுல ரைடருக்கு வேண்டிய வெடிப்பு வேகம் திரும்ப வராது.

கடைசி வாரம் அளவைப் பாதியாக்குங்க, வேகத்தைக் குறைக்காதீங்க. முட்டியில வலி இருந்தா முதல்ல பிசியோவைப் பாருங்க.