யானை ரைபிளின் வலிமையை எதைக் கொண்டு அளப்பது?

கேள்வி: ஆப்பிரிக்காவில் யானை வேட்டைக்குப் பயன்பட்ட .600 நைட்ரோ எக்ஸ்பிரஸ் ரைபிளின் ஆற்றல் 10,000 ஜூலுக்கும் மேல் என்று படித்தேன். இதை எப்படிச் சோதித்து அறிகிறார்கள்? அந்த எண்தான் துப்பாக்கியின் உண்மையான வலிமையா?
– வாசகர், கடலூர்

பதில்: சுடுதளத்தில் ஆற்றலை யாரும் நேரடியாக அளப்பதில்லை. குண்டின் எடையைத் தராசிலும் அதன் வேகத்தைக் குரோனோகிராஃப் என்ற கருவியிலும் அளந்து, ஆற்றலைக் கணக்கிட்டுப் பெறுகிறார்கள். குழல்வாயிலிருந்து சில மீட்டர் தள்ளி வைக்கப்படும் அந்தக் கருவியில் ஒளியுணரிகள் இரண்டு இருக்கும். குண்டின் நிழல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல எடுக்கும் நேரமே வேகத்தைத் தந்துவிடும். .600 தோட்டாவின் குண்டு 900 கிரெயின், அதாவது 58 கிராமுக்குச் சற்று மேல். அது வினாடிக்குச் சுமார் 594 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது என்பதால், கணக்கு ஏறத்தாழ 10,300 ஜூல் என்று வருகிறது.

ஒளியுணரிகள் இல்லாத காலத்திலேயே இந்த அளவீட்டுக்கு வழி கண்டவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர். கனமான மரக்கட்டையை ஊசலாகத் தொங்கவிட்டு, அதில் குண்டைப் பாய்ச்சி, கட்டை பின்வாங்கிய தூரத்திலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிடும் முறையை அவர் 1742இல் வெளியிட்டார். பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளராக வந்து, 1751இல் உங்கள் ஊரின் புனித டேவிட் கோட்டையில்தான் அவர் காலமானார்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடை அந்த ஊசலிலேயே இருக்கிறது. 100 கிலோ எடையுள்ள கட்டையில் .600 குண்டு பாய்ந்து தங்கினால், கட்டை வினாடிக்குச் சுமார் 35 சென்டிமீட்டர் வேகத்தில் நகர்ந்து, வெறும் 6 மில்லிமீட்டர் உயரமே எழும்பும். அந்த அசைவில் உள்ள ஆற்றல் ஏறக்குறைய 6 ஜூல்தான். மற்றதெல்லாம் மரத்தைப் பிளப்பதிலும், குண்டை நசுக்குவதிலும், வெப்பமாகவும் செலவாகிவிடுகிறது. மோதலுக்குப் பின்னும் குறையாமல் நிற்பது எடையையும் வேகத்தையும் பெருக்கிவரும் உந்தமே. ஆற்றல் கணக்கில் வேகம் இரண்டு முறை பெருக்கப்படுவதால், எடை குறைந்த வேகமான குண்டுகள் காகிதத்தில் பெரிதாகத் தெரிகின்றன. .300 வின்செஸ்டர் மேக்னம் ரைபிளின் 180 கிரெயின் குண்டு ஆற்றலில் .600இன் பாதியை நெருங்கினாலும், உந்தத்தில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. ஆகவே ஜூல் எண்ணை மட்டும் வைத்துப் பெரிய ரைபிள்களைத் தரம் பிரிப்பது தவறு என்பதே என் உறுதியான கருத்து.

உந்தமும் முழு விடையாகாது. யானையின் மூளைக்கு முன்னால் காற்றறைகள் நிறைந்த தடித்த எலும்பு இருக்கிறது. அதைத் துளைத்து நேராகச் செல்லும் குண்டே பயன்படும். அதனால்தான் நீரில் ஊறிய செய்தித்தாள் கட்டுகளிலும் அடுக்கிவைத்த பலகைகளிலும் சுட்டு, குண்டு எவ்வளவு ஆழம் சென்றது, வழியில் வளைந்ததா, உருக்குலைந்ததா என்று பார்க்கிறார்கள். முனையில் ஈயம் தெரியும் மென்குண்டு விரிந்து விரைவில் நின்றுவிடும்; முழு உலோக உறை கொண்ட திடக்குண்டு வடிவம் மாறாமல் ஊடுருவும். டபிள்யூ.டி.எம். பெல் என்ற வேட்டைக்காரர் தாம் வீழ்த்திய ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளில் பெரும்பாலானவற்றை, 7 மில்லிமீட்டர் விட்டமுள்ள திடக்குண்டுகளைக் கொண்டே சாய்த்தார். யானையின் உடற்கூற்றை அவர் அவ்வளவு நுட்பமாக அறிந்திருந்தார். குறி சற்றே தவறும் மற்றவர்களுக்குத்தான் பெரிய குண்டின் அதிர்ச்சி உயிர்காக்கும் துணையாக இருந்தது.

கேள்வி: துப்பாக்கியில் பொறிக்கப்படும் சோதனை முத்திரை அதன் வலிமையைக் குறிக்கிறதா?
– வாசகர், கோவை

பதில்: இல்லை. அது குழலும், அதன் பின்முனையை மூடும் அடைப்பும், சுடும்போது எழும் அழுத்தத்தைத் தாங்கும் என்பதற்கான சான்று மட்டுமே. லண்டனில் 1637இல் சாசனம் பெற்ற துப்பாக்கித் தொழிலாளர் சங்கமும், 1813இல் தொடங்கப்பட்ட பர்மிங்காம் சோதனை நிலையமும் இந்தப் பணியைச் செய்துவருகின்றன. இன்றைய பன்னாட்டு விதிப்படி, ரைபிள் தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தத்தைவிட 25 சதவீதம் கூடுதலாக அழுத்தம் தரும் சோதனைத் தோட்டாக்களைச் சுட்ட பிறகு, விரிசலோ வீக்கமோ இல்லாத துப்பாக்கிக்கு மட்டுமே முத்திரை கிடைக்கும்.