அறுவை மேசையில் இருக்கும்போதே திசுப் பரிசோதனை: கருப்பைப் புற்றுநோய் குறித்து வன்னியிலிருந்து வந்த கேள்விகள்

கருப்பை உட்படலப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை நடக்கும்போதே கருப்பையை வெட்டிப் பார்த்து, மேற்கொண்டு என்ன செய்வது என்று தீர்மானிப்பது பற்றிய கேள்விகள் இவை. திசு நோயியல் மருத்துவரான எங்கள் அங்கத்தவர் பதிலளிக்கிறார்.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு மகள்: டொக்டர், அம்மாவுக்கு 61 வயது. மாதவிடாய் நின்று பல வருடங்களுக்குப் பிறகு இரத்தம் பட்டது. பயொப்சியில் (சிறு திசுத் துண்டு எடுத்துப் பார்க்கும் பரிசோதனையில்) புற்றுநோய், தரம் 1 என்று வந்திருக்கிறது. கருப்பையை எடுத்த உடனேயே பரிசோதித்துவிட்டு மிச்சத்தைத் தீர்மானிப்போம் என்கிறார் சத்திரசிகிச்சை நிபுணர். அந்த நேரத்தில் எதைப் பார்ப்பார்கள்?

தங்கச்சி, தரம் என்பது கலங்கள் எவ்வளவு மாறிவிட்டன என்பதன் அளவு: தரம் 1 மென்மையானது, தரம் 3 கடுமையானது. அம்மா மயக்கத்தில் இருக்கும்போதே கருப்பை எங்கள் கைக்கு வந்துவிடும். அதைத் திறந்து, கட்டி எங்கே இருக்கிறது, எத்தனை சென்ரிமீற்றர் என்று அளப்போம். பிறகு சுவரைக் குறுக்காகத் துண்டு துண்டாக வெட்டி, வெளிறிய கட்டி தசைக்குள் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்று பார்ப்போம். சுவரின் பாதித் தடிப்பைத் தாண்டியதா, இல்லையா என்பதுதான் முக்கியமான கேள்வி. மிக ஆழமாகத் தெரியும் இடத்திலிருந்து ஒரு துண்டை எடுத்து, பசை போன்ற திரவத்தில் பதித்து, மறை 20 பாகை அளவில் இருக்கும் இயந்திரத்துக்குள் உறைய வைப்போம். அதைச் சில மைக்கிரோன் தடிப்பில் சீவினால் துணுக்கு சுருளப் பார்க்கும். தூரிகை நுனியால் விரித்துக் கண்ணாடியில் ஒட்டிச் சாயமிடுவோம். கலங்களின் கரு நீலமாகவும் மற்றவை இளஞ்சிவப்பாகவும் தெரியும். ஏறக்குறைய அரை மணி நேரத்துக்குள் தியேட்டருக்குப் பதில் போய்விடும்.

இது புதிய பரீட்சார்த்தம் அல்ல. 1905இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் லூயிஸ் வில்சன் என்ற நோயியல் மருத்துவர், சத்திரசிகிச்சை முடியும் முன்பே விடை சொல்வதற்காக இந்த உறைநிலை முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்.

மாங்குளத்திலிருந்து ஓர் ஆசிரியை: எதற்கு இந்தச் சிரமம்? கருப்பையோடு நிணநீர்க் கணுக்களையும் ஒரேயடியாக எடுத்துவிட்டால் நிம்மதிதானே?

கருப்பையிலிருந்து நோய் பரவினால் போய்ச்சேரக்கூடிய இடங்கள் இந்தக் கணுக்கள், அதனால்தான் அவற்றைப் பற்றி யோசிக்கிறோம். ஆனால் எல்லாவற்றையும் எடுப்பதில் நிம்மதி இல்லை, ரீச்சர். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். ஆரம்ப நிலையில் இடுப்புக் கணுக்களை எல்லோருக்கும் அகற்றுவதால் ஆயுள் கூடுகிறதா என்று இரண்டு பெரிய ஆய்வுகள் பார்த்தன. ஒன்று இத்தாலியில் நடந்து 2008இல் வெளியானது. மற்றது பிரித்தானியா முன்னின்று நடத்தி 2009இல் வெளியான அஸ்ரெக் என்ற ஆய்வு. இரண்டிலுமே ஆயுள் கூடவில்லை. ஆனால் கணுக்களை இழந்த பெண்கள் சிலருக்குக் கால் நிரந்தரமாக வீங்கிவிடுகிறது. அந்தக் காலில் சிறு கீறலிலும் கிருமித் தொற்று இலகுவாக ஏறும். நாளெல்லாம் வயல் சேற்றில் நின்று நாற்று நடும் பெண்ணுக்கு அது என்ன பாடு என்று நினைத்துப் பாருங்கள்.

மேயோ மருத்துவமனையிலேயே பின்னாளில் ஓர் அளவுகோலும் வகுத்தார்கள்: வழமையான எண்டோமெற்றியோயிட் வகை, தரம் 1 அல்லது 2, சுவரின் பாதிக்கு மேல் இறங்கவில்லை, கட்டி 2 சென்ரிமீற்றருக்கு மேல் இல்லை. இவை அனைத்தும் பொருந்தினால் கணுக்களில் நோய் இருக்கும் வாய்ப்பு மிகமிகக் குறைவு. கருப்பை, கருக்குழாய்கள், சூலகங்களோடு நிறுத்திக்கொள்ளலாம். பொருந்தாவிட்டால், அதே மயக்கத்திலேயே கணுக்களையும் பார்த்துவிடலாம். முல்லைத்தீவிலிருந்து போகும் ஒருவருக்கு இரண்டாவது சத்திரசிகிச்சை தவிர்வது சின்ன விடயமா?

நெடுங்கேணி வாசகி: நாங்கள் போகும் ஆஸ்பத்திரியில் இந்த வசதி இல்லாவிட்டால், சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டுமா?

வேண்டாம். முன்கூட்டிய பயொப்சியும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் பெரும்பாலான தகவலைத் தந்துவிடும். காவற்கணு முறையும் உண்டு: கருப்பைக் கழுத்தில் இந்தோசயனின் கிரீன் சாயத்தை ஏற்றி, அது முதலில் போய்ச்சேரும் ஓரிரு கணுக்களை மட்டும் எடுப்பார்கள். 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், சாயம் ஒழுங்காகப் பாய்ந்து, கணுக்களில் நோய் இருந்த பெண்களில் 97 சதவீதமானோரை இம்முறை சரியாகக் காட்டிக்கொடுத்தது. இன்று பல நாடுகளில் அறுவையின்போதான பரிசோதனையின் இடத்தை இதுவே பிடித்து வருகிறது. அனுமதியாகும் முன்பே, “கணுக்களைப் பற்றி எப்படித் தீர்மானிப்பீர்கள்?” என்று உங்கள் நிபுணரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

செட்டிகுளம், வயது 29: எனக்கும் இதே நோய் என்கிறார்கள். பிள்ளை இல்லை. கருப்பையை எடுத்தே ஆக வேண்டுமா?

தரம் 1 ஆகவும், தசைக்குள் இறங்காததாகவும் இருந்தால், புரொஜெஸ்ரோஜன் ஹோர்மோன் சிகிச்சையை முயன்று பார்க்கலாம். சில மாதங்களுக்கு ஒருமுறை பயொப்சி கட்டாயம். பெண்ணோயியல் புற்றுநோய் நிபுணரிடம் பேசாமல் எதற்கும் கையெழுத்திடாதீர்கள், தங்கச்சி.

கிளிநொச்சியிலிருந்து ஒரு மகன்: தியேட்டரில் தரம் 1, கணு எடுக்கத் தேவையில்லை என்றார்கள். இப்போது இறுதி அறிக்கையில் தரம் 3 என்று இருக்கிறது. எங்களை ஏமாற்றினார்களா?

இல்லை, தம்பி. உங்கள் கோபம் புரிகிறது. ஐஸ்பெட்டியில் உறைந்த தக்காளியை வெளியே எடுத்தால் அதன் சதை குலைந்திருக்கும் அல்லவா? உறைந்த திசுவிலும் பனிப்படிகங்கள் ஓட்டை போட்டுக் கலங்களின் உருவத்தைக் கலைத்துவிடும். அதோடு, அவசரத்தில் ஓரிரு துண்டுகளையே பார்க்க முடியும். பிறகு போமலினில் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, பல துண்டுகளை ஆறுதலாகப் பார்க்கும்போது வேறு இடத்தில் கூடிய தரமுள்ள பகுதி அகப்படலாம். இறுதி அறிக்கைதான் சிகிச்சையை நடத்துகிறது. தரம், ஆழம், இரத்தக் குழாய்களுக்குள் கலங்கள் புகுந்தனவா என்பவற்றை வைத்து ஸ்கேன், கதிர் சிகிச்சை, சிலவேளை மருந்துச் சிகிச்சை என்று முடிவெடுப்பார்கள். அதே மெழுகுக் கட்டியில் பீ53 முதலிய புரதச் சோதனைகளையும் செய்ய முடியும், கேட்டுப் பாருங்கள்.

தையல் காய்ந்ததும் ஊர் திரும்பி, அறிக்கை எடுக்கப் போகாமலே இருந்துவிடும் குடும்பங்கள் உண்டு. புற்றுநோய் ஆஸ்பத்திரி மகரகமவானாலும் தெல்லிப்பழையானாலும், அம்மாவால் பஸ் ஏற முடியாவிட்டால் கிளினிக் கொப்பியோடு நீங்கள் போங்கள். இந்த அறிக்கையையும் அடுத்த கிளினிக் நாள் வரை வைத்திருக்காமல் முன்கூட்டியே காட்டுங்கள்.

பூநகரி, வயது 56: மாதவிடாய் நின்று நான்கு வருடம். போன மாதம் ஒருநாள் மட்டும் இரத்தக் கறை. பாப் பரிசோதனை நல்லபடியாக வந்ததால் பேசாமல் இருந்துவிட்டேன். சரிதானே, டொக்டர்?

சரியில்லை, அக்கா. பாப் பரிசோதனை கருப்பைக் கழுத்துக்கானது. உட்படல நோயை அது தவறவிடலாம். இப்படி இரத்தம் படும் பெண்களில் பெரும்பாலானோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை, ஆனால் பார்க்காமல் அதைச் சொல்ல முடியாது. யோனிவழி ஸ்கேனில் உட்படலம் 4 மில்லிமீற்றருக்கு மேல் தடித்திருந்தால் பயொப்சி எடுப்பார்கள். ஒரு துளி, ஒரே ஒரு நாள் என்றாலும் கணக்குத்தான். நீரிழிவு இருந்தாலோ, மார்பகப் புற்றுநோய்க்குத் தமொக்சிபென் எடுத்திருந்தாலோ அதையும் சொல்லுங்கள். உங்கள் பகுதி மருத்துவமாதுவிடம் இன்றே பேசி, இந்த வாரமே பெண்ணோயியல் கிளினிக்குக்குப் போங்கள்.