பெட்ஸ் கணக்கு எப்போது முடியும்? – கடிதம்

அன்புள்ள சார்,

வூஸ்டரில் இருந்து எழுதுகிறேன். இங்கே வந்த புதிதில் அலுவலக நண்பர்களோடு பேச ஏதாவது வேண்டுமே என்றுதான் பேஸ்பால் பார்க்க ஆரம்பித்தேன். இப்போது அது ஒரு வியாதியாகிவிட்டது. பாஸ்டனின் பெரிய லீக் அணியான ரெட் சாக்ஸுக்கு அடுத்த நிலை அணி எங்கள் ஊர் போலார் பார்க்கில் ஆடுகிறது. அதனால் ரோமன் ஆண்டனி, மார்செலோ மேயர் என்ற இளம் வீரர்களை பாஸ்டன்காரர்களுக்கு முன்னாலேயே பார்த்தவர்கள் என்ற கர்வம் வேறு எங்களுக்கு உண்டு.

2026 ஜனவரியில் எங்கள் மூன்றாம் பேஸ்காரர் அலெக்ஸ் பிரெக்மன் ஐந்து வருடத்துக்கு 17.5 கோடி டாலர் பேசி சிகாகோ கப்ஸுக்குப் போனதும் எனக்கு வெறுத்துவிட்டது. 2025இல் பிரெக்மன் வந்ததால்தான் டெவர்ஸை மூன்றாம் பேஸ் காக்கும் இடத்திலிருந்து நகர்த்தினார்கள். அதில் மனக்கசப்பாகி, ஜூனில் டெவர்ஸை சான்ஃபிரான்சிஸ்கோவுக்கே அனுப்பிவிட்டார்கள். இப்போது இரண்டு பேரும் இல்லை. சன்னி கிரே வந்திருக்கிறார், ரேஞ்சர் சுவாரெஸ் வந்திருக்கிறார், சரி. ஆனால் பந்து வீச ஆள் சேர்த்தால் போதுமா?

என்னைக் கேட்டால், இத்தனை வருட முட்டாள்தனங்களில் பெரியது பந்து வீச்சாளர் கிறிஸ் சேலை அட்லாண்டாவுக்குக் கொடுத்ததுதான். கூடவே 1.7 கோடி டாலரும் கட்டி அனுப்பினார்கள். அடுத்த வருடமே அவர் சிறந்த பந்து வீச்சாளருக்கான சை யங் விருது வாங்கிவிட்டார்.

கல்லூரியில் படிக்கும் என் மகன் வேறு மாதிரி பேசுகிறான். ஒரு தாளில் மரம் மாதிரி வரைந்து காட்டினான். 2020இல் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸுக்கு நட்சத்திர வீரர் மூக்கி பெட்ஸைக் கொடுத்து வெர்டூகோ, வெர்டூகோவைக் கொடுத்து ரிச்சர்ட் ஃபிட்ஸ், ஃபிட்ஸைக் கொடுத்து சன்னி கிரே. "பெட்ஸ் கணக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதற்குள் நஷ்டம் என்று எழுதாதே அப்பா" என்கிறான். பெட்ஸ் விஷயத்தை மன்னிக்கவே முடியாது என்று நீங்கள் முன்பு எழுதியிருந்தீர்கள். இன்னும் அப்படித்தானா? அப்புறம், மூன்றாம் பேஸில் யாரை நிறுத்துவது?

ஆர்.
வூஸ்டர், மாசசூசெட்ஸ்

*

அன்புள்ள ஆர்.,

இன்னும் அப்படித்தான். ஆனால் சேல் விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பேஸ்பால் பார்க்காத வாசகர்களுக்காக இரண்டு வரி. இங்கே ஐபிஎல் மாதிரி ஏலம் கிடையாது. ஒரு வீரர் பெரிய லீக்கில் ஆறு வருடம் ஆடி முடித்தால் எந்த அணியோடும் விலை பேசலாம். அதுவரை அவர் அந்த அணியின் பிடியில்தான் இருப்பார். அணிகள் தங்களுக்குள் பேசி ஆட்களை மாற்றிக்கொள்ளும்போது பெரும்பாலும் வீரரின் சம்மதம் கேட்பதில்லை. இதெல்லாம் பெரும்பாலும் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை, ஆட்டமே இல்லாத மாதங்களில் நடக்கும். ரசிகர்கள் அதிகமாகச் சண்டை போடுவதும் அப்போதுதான்.

சேலைப் பற்றி நாம் 2024 கோடையின் கண்ணோடு பேசுகிறோம். 2023 டிசம்பரின் கண்ணோடு பாருங்கள். 2019 மார்ச்சில் அவருக்கு ஐந்து வருடத்துக்கு 14.5 கோடி டாலர் எழுதிக் கொடுத்தார்கள். 2020இல் முழங்கையில் அறுவை சிகிச்சை, அந்த வருடம் முழுக்கப் போனது. 2022இல் முதலில் விலா எலும்பு, பிறகு நியூயார்க் யாங்கீஸ் மைதானத்தில் திரும்பி வந்த பந்து பட்டுச் சுண்டு விரல், அது ஆறுவதற்குள் சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டு. 2020 முதல் 2023 வரை நான்கு வருடங்களில் அவர் ஆரம்பப் பந்து வீச்சாளராக இறங்கியது 31 ஆட்டங்களில்தான். ஆரோக்கியமான பிட்சர் ஒரே வருடத்தில் அவ்வளவு வீசிவிடுவார். 34 வயதில் அப்படி ஒருவரைக் கொடுத்துவிட்டு, இரண்டாம் பேஸ் ஆள் தேவைப்பட்ட அணிக்கு 22 வயது வான் கிரிஸமை வாங்கினார் ஆட்களை முடிவு செய்யும் நிர்வாகி கிரெய்க் ப்ரெஸ்லோ. அவர் பொறுப்பேற்று அப்போது இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

முடிவு உங்களுக்குத் தெரியும். சேல் அட்லாண்டாவில் 18 வெற்றி, 3 தோல்வி, 225 ஸ்டிரைக்அவுட் (மட்டைக்காரரைப் பந்தாலேயே வெளியேற்றுவது). கிரிஸம் காயத்தோடு வந்து, பாஸ்டனில் 31 ஆட்டங்கள் ஆடி, சராசரி .190தான் அடித்தார். வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனால் அது யோசித்து வைத்த பந்தயம், தோற்றுவிட்டது. அந்தக் குளிர்காலத்தில் எனக்குக் கோபம் வேறு இடத்தில். சேர்மன் டாம் வெர்னர் அந்த நவம்பரில் "ஃபுல் திராட்டில்" என்று முழங்கினார். எஞ்சினை முழு வேகத்தில் முடுக்கப்போகிறார்கள் என்று நம்பினோம். பெரிதாக வந்தது லூக்கஸ் ஜியோலிட்டோ ஒருவர்தான். இரண்டு வருடத்துக்கு 3.85 கோடி டாலர். அவரும் மார்ச் முகாமிலேயே முழங்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், 2024இல் ஒரு ஆட்டமும் வீசவில்லை. அந்த வருடம் அணி 81 வென்று 81 தோற்றது. இனி உரிமையாளர்கள் வாயைத் திறக்காமல் இருந்தாலே நல்லது.

இப்போது பெட்ஸ். 2011இல் இளம் வீரர்களை எடுக்கும் டிராஃப்டின் ஐந்தாவது சுற்றில் எடுத்த நாஷ்வில் பையன். இரண்டாம் பேஸில் இடம் இல்லாததால் வெளி மைதானத்தின் வலது புறத்துக்குப் போய், அந்த இடத்தில் ஆட்டத்தின் மிகச் சிறந்த கையாக ஆனவர். 2018இல் .346 அடித்து, 32 ஹோம்ரன், 30 பேஸ் திருட்டோடு லீக்கின் சிறந்த வீரர் விருதை வாங்கினார். அந்த வருடம் அணி 108 ஆட்டம் வென்று, வேர்ல்ட் சீரிஸில் டாட்ஜர்ஸை நாலுக்கு ஒன்று என்று முடித்தது. பதினாறு மாதம் கூட ஆகவில்லை, 2020 பிப்ரவரியில் அதே டாட்ஜர்ஸுக்கு அவரை அனுப்பினார்கள். கூடவே டேவிட் பிரைஸையும் அனுப்பி, அவருக்கு மீதமிருந்த 9.6 கோடியில் பாதியைத் தாங்களே கட்டினார்கள். வந்தவர்கள் அலெக்ஸ் வெர்டூகோ, ஜீட்டர் டவுன்ஸ், கானர் வாங். பேஸ்பாலின் மகா வீரர் பேப் ரூத்தை பாஸ்டன் யாங்கீஸுக்கு ஒரு லட்சம் டாலருக்கு விற்ற செய்தி வெளியானது 1920 ஜனவரியில். நூறு வருடமும் ஒரு மாதமும் கழித்து இது. (ரூத்தை விற்ற ஹாரி ஃப்ரேஸி, யாங்கீஸ் உரிமையாளரிடம் மூன்று லட்சம் கடனும் வாங்கி, ஃபென்வே பார்க்கையே அதற்கு அடமானம் வைத்தார். பாஸ்டன்காரர்கள் இதை மட்டும் ஏனோ உரக்கச் சொல்வதில்லை.)

பெட்ஸைக் கொடுத்ததற்கு அன்று சொன்ன காரணம் இரண்டு. ஒன்று, அந்த வருடக் கடைசியில் அவர் எப்படியும் சந்தைக்குப் போய்விடுவார், சும்மா போவதற்குப் பதில் ஏதாவது வாங்கிக்கொள்ளலாம் என்பது. பத்து வருடத்துக்கு 30 கோடி தருகிறோம் என்றார்கள், அவர் பன்னிரண்டு வருடத்துக்கு 42 கோடி கேட்டார் என்று அப்போது செய்திகளில் வந்தது. ஆனால் அவர் சந்தைக்குப் போகவே இல்லை. அந்த ஜூலையில், டாட்ஜர்ஸுக்காக ஒரு லீக் ஆட்டம்கூட ஆடுவதற்கு முன்பே, பன்னிரண்டு வருடத்துக்கு 36.5 கோடிக்குக் கையெழுத்துப் போட்டார். கொரோனா எல்லோரையும் பயமுறுத்திய நேரம், அதுவும் அவர் மனதை மாற்றியிருக்கலாம். இருந்தாலும் பேசினால் ஒத்துவரக்கூடிய மனிதர்தான் என்பது தெரிந்துவிட்டது.

இரண்டாவது காரணம் ஆடம்பர வரி. இதுதான் எனக்குத் தொண்டையில் சிக்கிய முள். ஒரு அணியின் சம்பளப் பட்டியல் குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு வரி கட்ட வேண்டும். 2020இல் எல்லை 20.8 கோடி டாலர். முதல் முறை 20 சதவீதம், அடுத்த வருடமும் தாண்டினால் 30, மூன்றாம் வருடம் 50. ஒரே ஒரு வருடம் எல்லைக்குக் கீழே இறங்கினால் மறுபடி 20இலிருந்து தொடங்கலாம். பாஸ்டன் 2018, 2019 இரண்டிலும் தாண்டியிருந்தது, 2020இல் இறங்க வேண்டும் என்று மேலிடம் விரும்பியது. பயங்கரமாகத்தான் கேட்கிறது. ஆனால் 2018இல் அவர்கள் கட்டிய வரி சுமார் 1.2 கோடி. 2019இல் சுமார் 1.3 கோடி. ஒரு நடுத்தரப் பிட்சரின் ஒரு வருடச் சம்பளம் அவ்வளவு வரும். இதற்காகவா பெட்ஸ்? 2021இல், பெட்ஸ் போன அடுத்த வருடமே, ரெட் சாக்ஸை வைத்திருக்கும் இதே குழுமம் பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் ஹாக்கி அணியை வாங்கியது. லிவர்பூல் கால்பந்து அணி 2010இலிருந்தே அவர்கள் கையில் இருக்கிறது. காசில்லாத வீட்டில் நகை விற்றால் புரிந்துகொள்ளலாம்.

அணியின் முதன்மை உரிமையாளர் ஜான் ஹென்றியைத் திட்டும்போது ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். 86 வருடம் கோப்பையே பார்க்காத ஊருக்கு 2004, 2007, 2013, 2018 என்று நாலு கோப்பை வந்தது இவர் காலத்தில்தான். கஞ்சன் என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாத ஆள். அதனால்தான் பெட்ஸ் விஷயம் இன்னும் உறுத்துகிறது. பந்தயம் கட்டித் தோற்றவரிடம் எனக்குக் கோபம் இல்லை. கட்டக் காசும் இருந்து, கட்டத் தகுந்த ஆளும் கையில் இருந்து, கட்டாமல் எழுந்து போனவரிடம்தான்.

உங்கள் மகன் வரைந்த மரத்துக்கு வருகிறேன். பெயர்களில் பிழை இல்லை. வெர்டூகோவை 2023 டிசம்பரில் யாங்கீஸுக்குக் கொடுத்தபோது வந்தவர்களில் ஒருவர் ஃபிட்ஸ், இன்னொருவர் கிரெக் வைசர்ட். ஃபிட்ஸும் வேறொரு இளம் பிட்சருமாக 2025 நவம்பரில் செயின்ட் லூயிஸுக்குப் போனார்கள், 36 வயது கிரே வந்தார். வாங் இன்னும் அணியில் கேட்சர். டவுன்ஸ் மட்டும் 2022இல் 14 ஆட்டம் ஆடிவிட்டுக் காணாமல் போனார்.

ஆனால் இந்த மரத்தில் ஒவ்வொரு கிளையும் ஒரு புது முடிவு, வேறு வேறு ஆட்கள் எடுத்தது. பெட்ஸைக் கொடுத்தவர் ப்ரெஸ்லோவுக்கு முன்பு பொறுப்பில் இருந்த ஹையம் ப்ளூம். வெர்டூகோவைக் கொடுத்தவர், கிரேயை வாங்கியவர் ப்ரெஸ்லோ. யாங்கீஸின் சிறு அணிகளில் ஃபிட்ஸைக் கவனித்த ஸ்கவுட்டுக்கு நன்றி சொல்லலாம், அந்த நன்றியை 2020 பிப்ரவரிக்கு ஏன் கொண்டுபோய்ச் செலுத்த வேண்டும்? இன்னொன்று, மரம் நம் பக்கக் கிளைகளை மட்டும் காட்டுகிறது. அந்தப் பக்கம் என்ன காய்த்தது? 2020, 2024, 2025 என்று மூன்று கோப்பைகள். 2024 வேர்ல்ட் சீரிஸின் கடைசி ஸ்டிரைக்அவுட்டை நினைத்துப் பாருங்கள். மட்டையோடு யாங்கீஸ் சட்டையில் நின்றவர் வெர்டூகோ, எதிர்ப்பக்கம் குதித்துக் கொண்டாடியவர்களில் பெட்ஸ். 2025இல் ஏழாவது ஆட்டம், பதினோராவது இன்னிங்ஸ், கடைசி இரட்டை அவுட். பந்தை எடுத்து, இரண்டாம் பேஸை மிதித்து, முதல் பேஸுக்கு எறிந்தது அதே பெட்ஸ், இப்போது இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பாக. (வெர்டூகோவை அவுட்டாக்கிய வாக்கர் ப்யூலரை 2024 டிசம்பரிலேயே பாஸ்டன் 2 கோடிக்கு மேல் கொடுத்துக் கூட்டி வந்தது. அடுத்த ஆகஸ்டில் கழற்றிவிட்டது. நமக்கு என்று வருகிறது பாருங்கள்.)

மகனிடம் இதையும் சொல்லுங்கள்: கிரேயைக் கணக்கில் சேர்த்தால் மேயரையும் சேர்க்க வேண்டும். பெட்ஸ் இல்லாத 2020இல் அணி 60 ஆட்டத்தில் 36 தோற்றது. அந்தக் கேவலத்துக்குப் பரிசாகத்தான் 2021 டிராஃப்டில் நாலாவது இடம் கிடைத்தது, அதில் எடுத்தவர் மேயர். ஆக, பெட்ஸைக் கொடுத்ததன் மிகப் பெரிய வரவு அவன் தாளில் இல்லாத ஒருவர். இப்படி வரைந்துகொண்டே போனால் எதை வேண்டுமானாலும் லாபம் என்று காட்டிவிடலாம்.

டெவர்ஸ் கதை தோற்ற பந்தயம், கட்டாத பந்தயம் இரண்டு வகையிலும் சேராது. பத்து வருடத்துக்கு 31.35 கோடி கொடுத்தார்கள், அதில் குறை சொல்ல முடியாது. மூன்றாம் பேஸ் தன்னுடையது என்று நம்பியவரிடம் பிரெக்மன் வரப்போவதை நேராக உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். முதல் பேஸ்காரர் கசாஸ் முழங்கால் தசைநாண் கிழிந்து விழுந்தபோது, அங்கே போய் நிற்க முடியாது என்று டெவர்ஸும் பிடிவாதம் பிடித்திருக்கக் கூடாது. இரண்டு பக்கமும் தப்பு, விட்டுவிடுவோம்.

மூன்றாம் பேஸுக்கு என் ஓட்டு மேயருக்கு. 2025இல் அறிமுகமாகி 44 ஆட்டங்களில் மணிக்கட்டு போனது உண்மைதான். மட்டை இன்னும் முழுதாக விழிக்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் கையைப் பாருங்கள், நீங்கள் வூஸ்டரிலேயே பார்த்திருப்பீர்கள், மூன்றாம் பேஸில் பிரெக்மனுக்குக் குறைவில்லை. அடிப்பதற்கு ஆண்டனி இருக்கிறார், முதல் பேஸுக்கு வில்சன் கான்ட்ரேராஸ் வந்திருக்கிறார். 2025இல் லீக்கிலேயே அதிகமாக 255 ஸ்டிரைக்அவுட் எடுத்த கிராஷேவோடு கிரேயும் சுவாரெஸும் வீசினால் நாலு ஓட்டம் போதும் என்கிற ஆட்டங்கள் நிறைய வரும். மார்ச்சில் பயந்துபோய், இளம் பிட்சர் இருவரைக் கொடுத்து யாராவது 33 வயது மூன்றாம் பேஸ்காரரைக் கூட்டி வந்தால் எனக்கு எழுதுங்கள். சேர்ந்து திட்டுவோம்.

அன்புடன்